இறுகிய சக்கரத்தைக் கழற்றுவது எப்படி?

தோட்டப்புற மக்களிடையே ஆற்றிய உரை



சிறு டிராக்டரின் பின்சக்கரம் அச்சிலிருந்து கழல மறுத்தால் என்ன செய்வது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

அண்மையில் ஒரு தோட்டத்துப் பட்டறைக்குச் சென்றிருந்தேன். டிராக்டர் ஒன்று ஜேக்கின் மேல் மட்டுமே நின்றது. இளைஞர் ஒருவர் அதன் அடியில் படுத்தவாறு சக்கரத்தைப் பெரிய சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் வண்டி அசைந்தது. "தம்பி, முதலில் வெளியே வாருங்கள்" என்றேன். "பால் ஏற்ற வேண்டும் ஐயா, நேரமில்லை" என்றார். மீண்டும் அழைத்ததும் வந்தார். எழுந்து நின்று பார்த்தபோதுதான் ஜேக் ஒருபுறம் சாய்ந்திருந்ததைக் கண்டார். அதன் பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

சக்கரம் ஏன் இறுகுகிறது? அச்சின்மீது செருகி வைக்கப்படும் சக்கரத்தையே இங்குக் குறிப்பிடுகிறேன். மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியை நம் முன்னோர் குடம் என்றனர். டிராக்டர் சக்கரத்திற்கும் அத்தகைய இரும்புக் குடம் உண்டு. குடத்திற்கும் அச்சிற்கும் இடையே மயிரிழை அளவே இடைவெளி. அதில் நீர் புகுந்தால் துரு பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, அது ஆப்பு வைத்ததுபோல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. உரம் ஏற்றும் வண்டியில் இத்தொல்லை மிகுதி. உர உப்பு ஈரத்தை ஈர்த்துத் துருவை விரைவுபடுத்தும்.

இனி, செய்முறையைக் கேளுங்கள்.

முதலாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி இயந்திரத்தை அணையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு உயர்ந்துவிட்டால் கியர் மட்டும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஜேக்கால் தூக்கியதும் உறுதியான இரும்புத் தாங்கியின் மேல் வண்டியை இறக்குங்கள். ஜேக் தூக்குவதற்கே, தாங்குவதற்கன்று. செங்கல்லையோ ஓட்டைக் கல்லையோ நம்பவேண்டாம். அவை திடீரென நொறுங்கும்.

இரண்டாவதாக, அச்சின் நுனியிலுள்ள மூடியையும், சர்க்ளிப் எனப்படும் கம்பி வளையத்தையும், வாஷரையும் அகற்றுங்கள். குடத்தின் பக்கவாட்டில் ஸ்குரூ உள்ளதா என்றும் பாருங்கள். அதைத் தளர்த்தாமல் அடித்து அடித்து ஓய்ந்தவர் பலர்.

மூன்றாவதாக, குடமும் அச்சும் சேர்ந்து சுழல, நடுவே ஓர் இரும்புச் சாவி பொருத்தப்பட்டிருக்கும். அச்சாவி இருக்கும் பள்ளம் மேலே வருமாறு சக்கரத்தைத் திருப்பி, துருநீக்கும் எண்ணெயை இருபுறமும் விடுங்கள். எண்ணெய் உள்ளே செல்ல அதுவே நல்ல வழி. மாலையில் விட்டு, காலையில் மீண்டும் விடுங்கள். கண்ணாடி அணிந்து, குடத்தைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். அதிர்வினால் எண்ணெய் ஊறும்.

நான்காவதாக, புல்லரைப் பயன்படுத்துங்கள். அதன் கால்கள் குடத்தின் பின்புறத்தைப் பற்ற வேண்டும். ரிம்மைப் பற்றினால் ரிம் வளைந்துவிடும். சிறிது இறுக்கி, தட்டி, காத்திருந்து, மீண்டும் சிறிது இறுக்குங்கள். அச்சின் நுனியில் ஓங்கி அடிக்காதீர்கள். நுனி மழுங்கினால் சக்கரம் வெளியே வராது. உள்ளிருக்கும் பேரிங்கும் பழுதாகும்.

அப்போதும் அசையவில்லையா? குடத்தின்மேல் கொதிநீர் ஊற்றலாம். 25 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்புக் குடத்தின் வெப்பம் 70 பாகை உயர்ந்தால், துளை ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் விரியும். அச்சு சூடேறுமுன் புல்லரை இறுக்க வேண்டும். ஆனால் டயர் பொருத்திய சக்கரத்தில் நெருப்பு வைக்கவே கூடாது. டயரின் உள்ளே வெப்பத்தால் வாயு உண்டாகி அது வெடிக்கக்கூடும். காற்றை இறக்கிவிட்டோம் என்பதும் காப்பாகாது.

சக்கரம் கழன்றதும் அச்சை எமரித் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். அன்று வண்டி மசகு இட்ட நம் பாட்டனார் அறிந்திருந்த பாடம் இதுவே. ஆண்டுக்கு இருமுறை கழற்றிப் பூட்டினால் துரு இறுகாது. உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவிவிடுங்கள்.

நண்பர்களே, "தாங்கி இல்லை" என்று சொல்லத் தயங்காதீர்கள். பாதுகாப்பான கருவிகளைத் தருவது முதலாளியின் கடமை என்பது 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் நெறி. 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை அகற்றாவிடில், அவ்விடத்தை விட்டு விலகவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. காயம் நேர்ந்தால் சொக்சோவிடம் தெரிவிக்கத் தவறாதீர்கள்.

அந்த இளைஞரின் சக்கரம் மறுநாள் காலை கழன்றது. ஒரு வேளைப் பால் வேறு வண்டியில் சென்றது. இழப்பு அவ்வளவே. இழந்த நேரத்தை மீட்கலாம். இழந்த கையை மீட்க இயலாது. இதை மனத்தில் இருத்திப் பணியாற்றுங்கள்.