மூன்று மாத காலத்தின் உபகாரம்



புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஆரம்ப தசையில் கைகொடுக்கும் 'ஆக்சிலரேட்டர்' என்னும் ஸ்தாபனங்களைப் பற்றி ஆராய்வதற்கென்றே கூடியிருக்கும் இந்த மகாசபைக்கு நான் தலைமை வகிக்கிறேன். கட்டுரைகள் பல காத்திருக்கின்றன. ஆகையால், இந்தத் துறையில் பெரும்பாலோர் பாராட்டும் விஷயத்தை விட்டுவிட்டு, அதிகமாகப் பாராட்டப்படாத ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன்.

இளந்தொழில்களுக்கு இடம் கொடுத்து ஆதரிக்கும் வழக்கம் நேற்று உண்டானதன்று. நியூயார்க் மாகாணத்தில் படேவியா என்னும் சிற்றூரில், விவசாய யந்திரங்கள் செய்துவந்த மாஸி-ஹாரிஸ் கம்பெனியின் தொழிற்சாலை மூடப்பட்டு, ஊர் முழுவதும் வேலையின்றித் தவித்தபோது, ஜோசப் மான்கூசோ என்பவர் 1959-ம் ஆண்டில் அந்தப் பிரமாண்டமான கட்டடத்தைப் பகுதி பகுதியாகச் சிறு தொழிலதிபர்களுக்கு வாடகைக்கு விட்டு, வேண்டிய ஆலோசனையும் கூறிவந்தார். இன்குபேட்டர் என்று நாம் சொல்லும் ஏற்பாட்டுக்கு அதுவே மூலம். ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவன், வாடகையைச் செலுத்தும் வரையில், தன் தொழில் பிழைக்குமா பிழைக்காதா என்ற கேள்வியை எத்தனை காலம் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். அப்படித் தள்ளிப்போட இடங்கொடாமையே ஆக்சிலரேட்டரின் தனிச்சிறப்பு என்பது என் அபிப்பிராயம்.

2005-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், பால் கிரஹாம், ஜெசிகா லிவிங்ஸ்டன், ராபர்ட் மாரிஸ், டிரெவர் பிளாக்வெல் ஆகிய நால்வரும் 'ஒய் காம்பினேட்டர்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, அந்தக் கோடையில் எட்டுக் குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்குச் சில ஆயிரம் டாலர். அதற்கு ஈடாகக் கம்பெனியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு. மூன்று மாத காலம். செவ்வாய்க்கிழமைதோறும் கிரஹாம் தம் கையாலேயே சமைத்த இரவுச் சாப்பாடு, அதனுடன் அனுபவசாலி ஒருவருடைய பேச்சு. முடிவில் முதலீட்டாளர் முன்னிலையில் ஒரு காட்சி நாள். இவ்வளவுதான் திட்டம். ஒருவர் ஒருவராக வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்புவதே முதலீட்டாளரின் சம்பிரதாயமாயிருந்த காலத்தில், பலரை ஒரே நாளில் சேர்த்து ஒரே நாளில் வெளியேற்றியதே இதன் புதுமை. செவ்வாய்க்கிழமை பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் இந்த வாரம் என்ன செய்தாய் என்று கேட்கும்போது, அதே கேள்வி தன்னிடம் திரும்பி வரும் என்பது யாருக்கும் தெரியாததல்ல.

பணம் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். அதற்கு ஊகத்தால் விடை கூற வேண்டிய அவசியமில்லை. சிலி தேசத்து அரசாங்கம் 2010-ம் ஆண்டில் சாண்டியாகோ நகரில் 'ஸ்டார்ட்-அப் சிலி' என்ற திட்டத்தை ஏற்படுத்தி, உலகெங்குமிருந்து வந்த ஸ்தாபகர்களுக்குப் பங்கு எதுவும் கேளாமலே சுமார் 40,000 டாலர் வழங்கியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பணத்தோடும் அலுவலக இடத்தோடும் கூட, ஒழுங்கான போதனையும் அடிக்கடி கணக்குக் கேட்கும் கண்காணிப்பும் கிடைத்தன. கொன்சாலஸ்-உரிபே, லெதர்பீ என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், தேர்வு வரம்புக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்டு, 2018-ல் வெளியிட்ட முடிவு யாது? போதனையும் சேர்ந்து பெற்றவர்கள் மூலதனம் திரட்டுவதிலும் தொழிலைப் பெருக்குவதிலும் கணிசமாக முன்னேறினார்கள். பணமும் இடமும் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் தென்படவில்லை. மானியம் வழங்குவதையே மகத்தான சேவையாகக் கருதும் அதிகாரிகள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தால் தோஷமில்லை.

போதனை என்றவுடன் கரும்பலகையும் சொற்பொழிவும் நினைவுக்கு வரலாம். விஷயம் அதுவன்று. 2008-ம் வருஷத் தேர்தல் சமயத்தில், ஒபாமா, மெக்கெய்ன் என்ற இரு வேட்பாளர்களின் பெயரையும் வேடிக்கையாகப் பொறித்த காலை உணவுப் பெட்டிகளை, பெட்டி 40 டாலர் விலைக்கு விற்றுக் காலம் தள்ளிய மூன்று இளைஞர்கள், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் நடந்த ஒய் காம்பினேட்டர் வகுப்புக்கு வந்தார்கள். அந்நியர் வீட்டு அறையில் காசு கொடுத்துத் தங்குவதென்ற அவர்களுடைய யோசனை கிரஹாமுக்கு ரசிக்கவில்லை. ஆயினும், உணவுப் பெட்டி விற்றாவது உயிர் பிழைக்கும் அந்த விடாமுயற்சிக்காகவே அவர்களைச் சேர்த்துக்கொண்டார். உங்கள் வாடிக்கைக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கேட்க, நியூயார்க்கில் என்று அவர்கள் சொல்ல, பின்னே கலிபோர்னியாவில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள், அங்கே போங்கள் என்றார். போனார்கள், வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், விளம்பரத்திலிருந்த மங்கலான படங்களைப் பார்த்துவிட்டு, தாமே காமிராவை எடுத்துக்கொண்டு அறைகளைப் புதிதாகப் படம் பிடித்துப் போட்டார்கள், வருமானம் ஏறத் தொடங்கிற்று. அதுதான் இன்றைய ஏர்பிஎன்பி. கிரஹாம் சொன்னதில் சாஸ்திர ரகசியம் ஒன்றுமில்லை. மூன்று மாதக் கெடு தலைக்குமேல் தொங்காதிருந்தால் அதைக் கேட்டு மறு வாரமே விமானம் ஏறியிருப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சிலரேட்டர்களில் பயின்ற கம்பெனிகளை ஆராய்ந்த சாண்டி யூ என்ற அறிஞர், அவை மற்ற கம்பெனிகளைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் மூடப்படுகின்றன என்றும், மூடுவதற்கு முன் விழுங்கும் மூலதனமும் குறைவு என்றும் 2020-ல் எடுத்துக்காட்டினார். கேட்டவுடன் இது நிந்தைபோல் தோன்றும். எனக்கோ, இந்த ஸ்தாபனங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சாட்சிப் பத்திரமாகவே தோன்றுகிறது. நடக்கமாட்டாத தொழிலை ஐந்தாண்டு காலம் கட்டிக்கொண்டு மாரடிக்கிற இளைஞன் தன் யௌவனத்தையும் தகப்பனார் சேமிப்பையும் சேர்த்தே இழக்கிறான். அதை முதல் வருஷத்திலேயே அவனுக்குத் தெரியப்படுத்துவது உபகாரமல்லாமல் வேறென்ன?

ஒய் காம்பினேட்டரில் முதற் கோடையில் சேர்ந்த எட்டுக் குழுக்களில் 'கிகோ' என்பது ஒன்று. ஜஸ்டின் கான், எம்மெட் ஷியர் இருவரும் அமைத்த அந்த இணைய நாட்காட்டிக்கு எதிரே, 2006 ஏப்ரலில், கூகுள் தன்னுடைய நாட்காட்டியை இலவசமாகக் கொண்டுவந்து நிறுத்திற்று. பிடிவாதக்காரர்களாயிருந்தால் இன்னும் சில வருஷம் போராடியிருப்பார்கள். இவர்களோ அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பெனியை முழுசாக ஈபேயில் ஏலம் போட்டு, 2,58,100 டாலருக்கு விற்றுவிட்டு, மீண்டும் ஒய் காம்பினேட்டரிடமே புதிய யோசனை ஒன்றுடன் சென்றார்கள். தோற்றவர்களாயிற்றே என்று அது தயங்கவில்லை. அந்த இரண்டாவது முயற்சியான ஜஸ்டின்.டிவியிலிருந்து கிளைத்ததே, 2014-ல் அமேசான் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கிய 'ட்விச்'. கிகோவை விரைவில் கைவிட்டிராவிட்டால் ட்விச் பிறந்திருக்குமா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. அவர்கள் கையில் அந்த வருஷங்கள் மிஞ்சியிருந்தன என்பது மட்டும் பிரத்தியட்சம்.

குறைகளையும் மறைக்கலாகாது. கெட்டிக்காரர்களையே பொறுக்கியெடுத்துவிட்டு, அவர்கள் முன்னுக்கு வந்ததைத் தம் கைவண்ணம் என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஸ்தாபனங்கள் உலகில் மலிந்துவிட்டன. காட்சி நாள் நெருங்க நெருங்க, பொருளைத் திருத்த வேண்டிய வாரங்கள் பிரசங்கத்தைத் திருத்துவதில் கழிவதும் உண்டு. விலையும் அற்பமன்று: ஒய் காம்பினேட்டர் 2022 முதல் அளித்துவரும் 5,00,000 டாலரில், முதல் 1,25,000 டாலருக்கே நூற்றுக்கு ஏழு பங்கைப் பெற்றுக்கொள்கிறது; எஞ்சிய தொகைக்கான பங்கு, பின்னால் வரும் முதலீட்டின் நிபந்தனைகளைப் பொறுத்து நிர்ணயமாகிறது. ஒரு வகுப்பில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் சேர்ந்துவிட்ட பிறகு, எட்டுக் குழுக்கள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட அந்நியோன்னியம் எப்படி நிலைக்கும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இங்கே கட்டுரை வாசிக்கப்போகும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். வென்ற கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலை நாங்கள் பத்திரிகைகளிலேயே படித்துக்கொள்வோம். நீங்கள் ஆராய்ந்த ஒவ்வொரு திட்டத்திலும் எத்தனை கம்பெனிகள் மூடப்பட்டன, எத்தனையாவது மாதத்தில் மூடப்பட்டன, மூடியவர்கள் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்ற மூன்று விவரங்களையும் தயவு கூர்ந்து சபையில் எடுத்துரைக்க வேண்டும். அவை இல்லாத கட்டுரையாளரை விவாத வேளையில் நானே எழுந்து கேட்பேன் என்று இப்போதே எச்சரித்துவிட்டு, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.