உவரும் களரும்: தானியப் பயிர்கள் சந்திக்கும் சோதனை

(தில்லியில் நிகழ்த்திய உரை)

தலைநகர் தில்லியின் தென்மேற்கே, நஜஃப்கர் வட்டாரத்தில், நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக உள்ளது. அந்நீரைப் பாய்ச்சிக் கோதுமை விளைவிக்கும் உழவருக்கு உப்பு ஏட்டுப் பாடமன்று. அறுவடைக் களத்தில் தெரியும் இழப்பாகும். நாடு முழுவதிலும் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் நிலம் உப்பினால் பாதிக்கப்பட்டுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் ஏறத்தாழ 38 லட்சம் ஹெக்டேர் களர் நிலம். எஞ்சியது உவர் நிலம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் செய்யப்படும் செலவு வீண் செலவே.

உவர் நிலத்தில், கரைந்த உப்புகள் மண்ணின் ஈரத்தை வேர் எளிதில் உறிஞ்சவொட்டாமல் தடுக்கின்றன. நிலம் ஈரமாக இருந்தும் பயிர் தாகத்தால் வாடுகிறது. இலை விரிவது குறைகிறது. தூர் கட்டுவதும் குறைகிறது. இது முதற்கட்டம். நாளடைவில் சோடியமும் குளோரைடும் முதிர்ந்த இலைகளில் சேர்ந்து, நுனியிலிருந்து கருகச் செய்கின்றன. பொட்டாசியம் செய்ய வேண்டிய பணியைச் சோடியம் குலைத்துவிடுகிறது. உணவு தயாரிக்கும் இலைப்பரப்பு சுருங்குவதால் மணிகள் சிறுத்துவிடுகின்றன.

பயிரின் பருவமும் கருதத்தக்கது. நெல் விதை உப்பிலும் ஓரளவு நன்கு முளைக்கும். ஆனால் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் அது மிகவும் நலிவடைகிறது. வயல் பச்சையாக இருக்க, கதிரில் பதர் மிகுந்திருக்கலாம். ஆகவே பயிரின் தோற்றத்தை மட்டும் கொண்டு விளைச்சலை மதிப்பிடுவது தவறாக முடியும்.

எல்லாத் தானியங்களும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண் சாற்றின் மின்கடத்து திறனைக் கொண்டு உவர்ப்பு அளக்கப்படுகிறது. மாஸ், ஹாஃப்மன் என்னும் அறிஞர்கள் 1977-இல் வெளியிட்ட அளவுகளின்படி, மீட்டருக்கு 8 டெசிசீமன் அளவுள்ள நிலத்தில் பார்லி விளைச்சல் குறைவதில்லை. கோதுமையில் சுமார் 14 சதவீதமும், நெல்லில் சுமார் 60 சதவீதமும் இழப்பு நேரும். இரகத்திற்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப இவை மாறுபடும்.

இதைக் கொண்டு நெல்லை எங்கும் விலக்கிவிடலாகாது. களர் நிலத்தின் தன்மை வேறு. அங்கே மண் துகள்களில் ஒட்டிய சோடியம் மண்ணை இறுகச் செய்கிறது. நீர் கீழே இறங்குவதில்லை. அத்தகைய நிலத்தைத் திருத்தும்போது முதலில் பயிரிட ஏற்றது நெல்லே. 1969-இல் தொடங்கப்பட்டுக் கர்னாலில் இயங்கிவரும் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் இம்முறையைச் செப்பனிட்டது. வயலைச் சமன்செய்து, வரப்புயர்த்தி, ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, நெல் நடப்படுகிறது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றுகிறது. நீர் அதைக் கீழே கொண்டுசெல்கிறது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச மாநிலங்களில் பரந்த நிலப்பரப்பு இவ்வாறு மீட்கப்பட்டது.

இதே ஜிப்சத்தை உவர் நிலத்தில் இட்டால் பயன் இல்லை. அங்கு வேண்டுவது நல்ல நீரால் உப்பைக் கழுவுவதும், கழுவிய நீர் வெளியேற வடிகால் அமைப்பதுமே.

உப்பைத் தாங்கும் இரகங்கள் மற்றொரு துணை. ராஜஸ்தானத்தின் கார்ச்சியா கோதுமை வழியாகக் கே.ஆர்.எல். 1-4 இரகம் உருவாயிற்று. சி.எஸ்.ஆர். 30 பாசுமதி நெல்லும், தமிழகத்தின் களர் நிலங்களுக்கான திருச்சி 3 நெல்லும் குறிப்பிடத்தக்கவை. ஜிப்சம் வாங்க இயலாத சிறு விவசாயிக்கு இவை பெரும் ஆறுதல். எனினும் விதை உப்பைத் தாங்குமேயன்றி, மண்ணிலிருந்து அகற்றாது. வடிகாலுக்கு மாற்றாக விதையைக் கருதும் திட்டம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

எனவே மானியம் ஒதுக்குமுன் மண் பரிசோதனை நடைபெற வேண்டும். நிலம் உவரா, களரா என்பது தெளிந்த பின்னரே வடிகாலா, ஜிப்சமா, எந்த விதை என்பது முடிவாக வேண்டும். இவ்வரிசை மாறினால் அரசின் பணமும் உழவரின் பருவமும் ஒருங்கே வீணாகும்.