குழாய்க்குள் ஒரு கணக்கு

தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் பீறிட்டு வருகிறது. கடைக்கோடி வீட்டில் சொட்டுகிறது. காரணம், உராய்வு. நீர் ஓட ஓட அழுத்தத்தை இழக்கிறது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே நீரை அனுப்பினால், இழப்பு இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 32 மடங்கு! ஒல்லிக் குழாய் பதித்து மிச்சம் பிடித்த காசு மிச்சமே இல்லை.

சரி, ஊரெங்கும் பின்னிக் கிடக்கும் குழாய்களில் எதில் எவ்வளவு ஓடும்? 1936-இல் வழி சொன்னார், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ். விதிகள் இரண்டுதான். சந்திப்புக்கு வரும் நீரும் போகும் நீரும் சமம். வளையம் ஒன்றைச் சுற்றிவந்தால் அழுத்த மாற்றங்களின் கூட்டல் பூஜ்யம்.

ஒரு சந்திப்புக்கு 100 லிட்டர் வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. குழாய்கள் ஒரே நீளம். ஒன்றின் விட்டம் மற்றதைப்போல் இருமடங்கு. உத்தேசமாக 50, 50 என்று எழுதுங்கள். கணக்கு உதைக்கும். எவ்வளவு உதைக்கிறதோ அதைக்கொண்டே திருத்தினால் 73, 27. மறுபடி திருத்தினால் 83, 17. கடைசியில் 85, 15-இல் நிற்கும். தப்பான ஊகத்திலிருந்தே சரியான விடை! பென்சிலும் காகிதமும் போதும் என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

1993-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதே கணக்கைக் கணினியில் போட 'இபாநெட்' என்ற மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டது. கணக்கிடும் முறை வேறு. விதிகள் அதே இரண்டு. ஒரு வால்வை மூடினால் எந்தத் தெரு காயும் என்பதை, மண்வெட்டியைத் தொடுமுன்பே திரையில் பார்த்துவிடலாம்.