ஒரு மாத்திரையில் எத்தனை மோல்?



காசநோய்க்குரிய ஐசோனியாசிட் மருந்தின் ஒரு மூலக்கூறில் கார்பன் 6, ஹைட்ரஜன் 7, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 1 என அணுக்கள் உள்ளன. அணு எடைகளான 12, 1, 14, 16 ஆகியவற்றால் முறையே பெருக்கினால் 72, 7, 42, 16, கூடுதல் 137. ஆகவே, 137 கிராம் ஐசோனியாசிட்டே ஒரு மோல்.

மாத்திரையிலுள்ள மருந்து 300 மில்லிகிராம் எனக் கொள்வோம். மாத்திரையின் முழு எடையன்று, மருந்தின் எடையே கணக்கிற்குரியது. அதனை முதலில் 0.3 கிராம் என மாற்றுதல் வேண்டும். மாணவர் பலர் இடறுமிடம் இதுவே. 0.3ஐ 137ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.0022 மோல் கிடைக்கும்.

பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவர்க்கும் இக்கணக்கு வசப்படும். வேதியியல் நமக்கு எட்டாதென அஞ்சி விலகியது போதும். மருந்தை வாங்கி உண்போராக மட்டுமன்றி, அளந்து ஆய்ந்து ஆக்குவோராகவும் நாம் உயர்வோமாக!