வெளிநாட்டிலிருக்கும் கணவருக்கு அழைப்பாணை
(யாழ்ப்பாணத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்த பிள்ளைகள் நம்மில் பலர். கணவர் வெளிநாடு போனார், கொஞ்சக்காலம் காசு வந்தது, பிறகு போனும் இல்லை. அவர் கையெழுத்து வைக்காமல் விவாகரத்து கிடையாது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது சட்டம் ஏற்கும் காரணம். நாம் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அவர் சம்மதம் தேவையில்லை. அழைப்பாணை அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

1965ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனியும் இருக்கின்றன. கடதாசி நீதி அமைச்சு வழியாக அந்த நாட்டு அதிகாரிகளிடம் போகும். அவர்கள் ஆளிடம் சேர்ப்பித்துச் சான்று அனுப்புவார்கள். மாதக்கணக்கில் இழுபடும். சுவிஸும் ஜேர்மனியும் நேரே தபாலில் அனுப்புவதை ஏற்பதில்லை. மொழிபெயர்ப்பும் கேட்கலாம், அந்தச் செலவைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள்.

ஆகவே விலாசம்தான் உயிர். பழைய கடித உறை, காசு அனுப்பிய துண்டு, எதையும் எறியாதீர்கள். மாமியார் வீட்டு விலாசத்தைப் போட்டுச் சுருக்காய்த் தீர்ப்பு எடுத்துத் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அழைப்பாணை கிடைக்கவில்லை என்று அவர் பின்னாளில் காட்டினால் அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். அதற்குள் நம் பிள்ளை மறுமணம் முடித்திருந்தால்? விலாசம் தெரியாவிட்டால், எங்கெங்கே தேடினோம் என்று சத்தியக்கடதாசியில் சொல்லி, வேறு வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றத்திடமே உத்தரவு கேளுங்கள். நீதிமன்றம் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அழைப்பாணை ஆகாது. முதல் தீர்ப்பாணை வந்தாலும் குறைந்தது 3 மாதம் கழித்தே அது முடிவாகும்.

இன்னொன்று, காணி. தேசவழமைக்கு உட்பட்டவரை முடித்தால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை நம் பிள்ளையும் அதற்கு உட்பட்டவள். தன் பெயரில் உறுதி இருந்தாலும், விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். டொரொண்டோவில் இருப்பவரிடம் எப்படி வாங்குவது? கைவிட்டுப் போனவர் என்றால், 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைக் கட்டளைச் சட்டப்படி, அந்த அனுமதியை மாவட்ட நீதிமன்றமே தரலாம். விவாகரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தாபரிப்பும் அப்படியே, அது நீதவான் நீதிமன்றத்தில் தனி வழக்கு.

சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். விவாகப் பதிவுச் சான்றிதழ் கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிய முன்னுக்கு வாருங்கள். பதிவு செய்யாமல் கோயிலில் தாலி கட்டியவர்களும் வாருங்கள். உங்களிடம் வேறு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.