அந்தப் பையை மட்டும் ஏன் பார்த்தேன்?

(ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஆற்றிய உரை)

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

திருப்பூரில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தான். ஒருநாள் ஒரு மாணவியின் ஜாமெட்ரி பாக்ஸைக் காணவில்லை. “டீச்சர், அந்த வடக்கன் பையைப் பாருங்க” என்றது ஒரு குரல். பார்த்தேன். அவன் பையை மட்டும்தான் பார்த்தேன். பாக்ஸ் அதில் இல்லை. ஒன்றும் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்தேன். மறுநாள் அந்த மாணவி, பாக்ஸ் வீட்டிலேயே இருந்தது என்றாள்.

அன்று அவன் வரவில்லை. மாலையில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். கதவோரம் நின்றபடி, எங்கள் வகுப்பில் கற்ற தமிழில் கேட்டான்: “டீச்சர், ஏன் என் பையை மட்டும் பாத்தீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் வகுப்பு முழுவதும் கேட்க அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும் நடந்த அவமானத்தைத் தனியறையில் சரிசெய்ய முடியாது.

நண்பர்களே, கேலி செய்யும் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கிறது. நாம் பேசாமல் இருந்தால், அதை டீச்சரின் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. “வடக்கன்”, “பானிபூரி” என்று ஒரு சொல் விழுந்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நீண்ட அறிவுரை வேண்டாம். “அவனுக்குப் பெயர் இருக்கு, பெயரைச் சொல்லிக் கூப்பிடு” என்றால் போதும். சொன்ன பிள்ளையைப் பிறகு தனியே அழைத்து, அந்தச் சொல்லை எங்கே கேட்டாய் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பெரியவர்கள் பேச்சில் கேட்டதாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையையும் குற்றவாளி ஆக்காதீர்கள்.

பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் பேசுவதும் முக்கியம். “விளையாட்டுக்குச் சொன்னாங்க, விடு” என்று சொல்லாதீர்கள். “நான் கேட்டேன், அது தப்பு” என்று சொல்லுங்கள்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒன்று என்று நாமே நினைத்துவிடுகிறோம். அவர்கள் வீட்டுமொழி இந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போஜ்புரி, மைதிலி, ஒடியா, சந்தாலி என்று எதுவாகவும் இருக்கலாம். பெயரைச் சரியாக உச்சரிக்கவும், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று அறியவும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வராததை மந்தபுத்தி என்று எண்ணாதீர்கள். கணக்கில் அவன் கெட்டிக்காரனாக இருக்கலாம்.

உயர்நிலை வகுப்புகளில் மும்பையின் கதையைச் சொல்லலாம். 1960களில் பிழைப்புக்காக அங்கே சென்ற தமிழர்கள் உள்ளிட்ட தென்னிந்தியர்களை “மதராசி” என்று இழித்துப் பேசினார்கள். எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று அவர்களுக்கு எதிராக இயக்கமே நடந்தது. அன்று அங்கே நம்மவர்மீது சொல்லப்பட்டதும் இன்று இங்கே காதில் விழுவதும் ஒன்றுதானா என்று மாணவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சி தர வேண்டும். உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. எல்லார் முன்னும் ஒரு பிள்ளையின் பையை மட்டும் கொட்டிப் பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பையன் மறுபடி பள்ளிக்கு வந்தான். ஒரு வருடம் கழித்து அவன் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன் கேட்ட கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். நாளை உங்கள் வகுப்பில் ஏதாவது காணாமல் போனால், உங்கள் கண் முதலில் யார் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள்.