இரத்த வங்கியும் ஒரு சத்திரவைத்தியரும்
(எமது சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வைத்தியராக விரும்பும் பிள்ளைகள் எம்மிடையே பலர். சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் ஆகியவற்றுள் ஒன்றையே ஒருவர் தெரிந்துகொள்ளல் வேண்டும் என எண்ணுவோரும் அவர்களுட் சிலர். மூன்றையும் ஒரே பாதையாக்கி நடந்த சாள்ஸ் ட்றூ என்பவரைப் பற்றி இன்று பேச விழைகின்றோம்.

அவர் 1904ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகரிற் பிறந்த கறுப்பினத்தவர். கல்லூரி நாளிற் பேர்பெற்ற விளையாட்டு வீரர். (விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்னும் பெற்றோர் கவனிப்பாராக!) கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1933இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1938இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்து, சத்திரசிகிச்சைப் பயிற்சி பெற்றவாறே இரத்தத்தைச் சேமிக்கும் முறையை ஆராய்ந்தார். சேமித்த இரத்தத்திற் செவ்வணுக்கள் நாளடைவிற் சிதைகின்றன. அணுக்களை நீக்கி எஞ்சும் பிளாஸ்மா என்னும் திரவமோ நெடுநாள் நிற்கும், தொலைதூரத்துக்கும் அனுப்பலாம். 1940இல் இவ்வாராய்ச்சிக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

அவ்வாண்டே இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்தது. நியூயோர்க்கில் ஏறக்குறைய 14,500 பேர் ஈந்த இரத்தத்தின் பிளாஸ்மா பிரித்தானியாவுக்குக் கப்பலேறியது. வைத்தியசாலைகள் தத்தம் போக்கிற் செய்த வேலையை ஒரே முறைக்குக் கொணர்ந்து, கிருமி கலவாது காக்கும் பொறுப்பு ட்றூவிடம் வந்தது. 1941இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி இரத்த வங்கியையும் அவரே நடத்தினார்.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அவர் அப்பணியை விட்டு ஹவாட் பல்கலைக்கழகம் சென்ற சில மாதங்களில், கறுப்பினத்தவரின் இரத்தம் வேண்டாமென அச்செஞ்சிலுவைச் சங்கம் விதித்தது! 1942இல் ஏற்றுக்கொண்டபோதும் வேறாக்கியே வைத்தது. இதற்கு விஞ்ஞான ஆதாரம் எள்ளளவும் இல்லையென ட்றூ வெளிப்படையாகவே கூறினார். இரத்தத்தில் உள்ளது வகைவேறுபாடேயன்றிச் சாதி வேறுபாடன்று. சாதி பார்த்துக் கிணற்றை மறித்த ஊரவராகிய எமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

ஹவாட்டில் அவர் சத்திரவைத்தியத் துறைத் தலைவரானார். கறுப்பின இளைஞருக்குச் சத்திரசிகிச்சை பயிற்றிய வைத்தியசாலைகள் அந்நாளில் மிகச் சில. வாதாடுவதோடு நில்லாது, அவர்களைத் தாமே பயிற்றி, நாடு முழுவதுக்கும் பொதுவான தேர்வுக்கு அனுப்பினார். அவர்தம் முதன் மாணாக்கர் 1948இற் சிறப்புறத் தேறினர். எமது கருத்தில் இரத்த வங்கியினும் இதுவே அவரது பெரிய பணி.

1950 ஏப்ரல் முதலாந் திகதி, தஸ்கீகியில் நடைபெறவிருந்த இலவச வைத்திய முகாமுக்குச் சக வைத்தியர்களுடன் காரோட்டிச் செல்கையில் விபத்தில் மாண்டார்; வயது 45. வெள்ளையர் வைத்தியசாலை சிகிச்சை மறுத்ததென்ற கதை பரவியது, அது பொய். அங்குள்ளோர் அவரைக் காக்க முயன்றனர் என்பதை உடன்சென்ற வைத்தியர்களே உரைத்துள்ளனர்.

அதே 1950ஆம் ஆண்டில், இரத்தத்தை இனம்பிரித்து வைக்கும் வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கைவிட்டது.